பதினாலாம் விளக்கு

சத்தியமாகச் சொல்கிறேன் அந்தோணியாரே, உம்ம கையில் உட்கார்ந்திருக்கிற பாலன் மேல் ஆணை, தொண்டை கிழியச் சொல்கிறேன், இனி என் நெஞ்சில் வருகிற ஒரு சொல்லில்கூடப் பொய் கிடையாது. தொண்டை கிழிய என்றால் உள்ளுக்குள்ளேதான். வாயைத் திறந்தால், கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை எஸ்தாக்கி என்னை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவான், வேலை நடக்கிற இடத்தில் கிழவனுக்கு என்ன சோலி என்று மூன்று மணியிலிருந்தே முறைத்துக்கொண்டு திரிகிறான். நீர் சிரிக்கிறீரோ என்னவோ. இங்கிருந்து பார்த்தால் உம்ம முகம் தெரியவில்லை. முப்பத்தோரு வருசமாகவே தெரியவில்லை. ஊரார் தொலைத்த ஆட்டையும் சாவிக்கொத்தையும் கண்டுபிடித்துத் தருகிற மனுசன் நீர், உமக்கென்று வைத்த வெளிச்சத்தை எவன் எடுத்துக்கொண்டு போனான் என்று மட்டும் இன்றைக்கு வரை கேட்கவில்லை. எடுத்தவன் நான்தான். கஸ்பார். இந்தக் கோயிலுக்கு இருபத்திரண்டு விளக்குப் போட்டவன். ஆம்பளையாட்கள் பக்கம், பீடத்தை ஒட்டின தூணுக்கு அடியில், என் பழைய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், என் தலைக்கு நேர் மேலே தூணில் இருக்கிறதே, அதுதான் உம்ம விளக்கு, பதினாலாம் நம்பர். அது எதிர்ப்பக்கச் சுவரில் நிற்கிற உம்ம சுரூபத்தில் விழ வேண்டும். விழுவது உமக்குக் கீழே, பொம்பளையாட்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சின் சுவரோர மூலையில். அங்கே ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம் விழுந்து கிடக்கிறது, ஒருத்தரும் உட்காராமல். இன்றைக்கு அதைத் திருப்பப் போகிறார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறது, சிந்துஜா என்று பேர், கோயில்களுக்கு வெளிச்சம் அமைப்பதற்கென்றே படித்த பெண்ணாம், கையில் பலகை மாதிரி ஒரு டேப்லெட், அதில் விரலை வைத்து இழுத்தால் விளக்கு மங்குகிறது, தள்ளினால் பளிச்சென்கிறது. ஐந்தரைக்குப் பூசை என்பதால் பகலையே இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டவர் பாடுபட்ட வாரத்தில் சுரூபங்களை மூடுகிற ஊதாத் துணியெல்லாம் இன்றைக்கு ஜன்னலில் தொங்குகிறது. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஊதா இருட்டு. சாரத்தின் மேலே ஒருத்தர் ஸ்பேனரோடு நிற்கிறார், அந்தப் பெண் கீழேயிருந்து நம்பர் சொல்லுகிறது. "நாலுங்கண்ணா. கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். போதுங்க." நாலு முடிந்தது. என் ஹாலஜன் விளக்குகளைக் காலையிலேயே கழற்றித் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள், பாடைக்குக் காத்திருக்கிற மாதிரி. அதே பழைய இரும்புச் சட்டத்தில் புது எல்.இ.டி.யை மாட்டியாயிற்று. சட்டம் பழையதாக இருக்கிறவரைக்கும் பார்வையும் பழையதுதான், இன்னும் என் கோணலிலேதான் மிச்சப் பதினெட்டும் எரிகிறது, நம்பர் வாரியாக வந்து நிமிர்த்திக்கொண்டே போகிறது அந்தப் பெண். கெட்டிக்காரிதான். ஒவ்வொன்றையும் நிமிர்த்தியதும் ஓடிப்போய் அந்தந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறது. நான் சொன்ன விதி அது. எனக்கு முன்னால் எவன் அப்படிச் செய்தான்? விளக்கு மாட்டினவன் ஏணியில் நின்று பார்த்தால் எல்லா விளக்கும் அழகுதான், இறங்கி வந்து கும்பிடுகிறவன் இடத்தில் உட்கார்ந்து பார்க்கணும். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் மோதினாரிடம் கேட்டுக்கொண்டு பாயில் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்து எடுத்துப் பார்த்தேன், எடுத்த உடனே இரண்டு விளக்கு கண்ணைக் குத்தியது, அன்றைக்கே கழற்றினேன். ஆற்றங்கரைப் பெருமாள் கோயிலில் நான் வைத்த வெளிச்சத்தில் குழம்பிப்போன ஒரு வவ்வால் இறங்கி வந்து என்னிடம் மணி கேட்டது. இல்லை, இல்லை, அது ஊருக்குச் சொன்னது. ஆணையிட்டிருக்கிறேன், மறந்துபோனேன். மணிக்கூண்டு வழியாக இறங்கின மின்னலைச் சாக்குப் போட்டுப் பிடித்து மூன்று நாள் திருவிழா ஓட்டினேன் என்பதும் ஊருக்குச் சொன்னதுதான். பதினாலாம் நம்பர் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், அந்தோணியார் தாழ்மையானவர், வெளிச்சம் வேண்டாம் என்று அவரே ராத்திரியில் திருப்பி வைக்கிறார், நான் மூன்று தடவை நிமிர்த்தியும் நிற்கவில்லை என்று சொன்னேன் பாரும், அதையும் நம்பினார்கள். அதற்காக உமக்கு மெழுகுதிரி கூடுதலாக வந்தது, அதை நீர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அஞ்சு போதுங்க. ஆறு." ஆறிலிருந்து பதினாலுக்கு இன்னும் எட்டு இருக்கிறது. உண்மையை நினைத்துத் தொலைக்கிறேன். கோயிலைப் புதுப்பித்த வருசம் எனக்கு நாற்பத்தைந்து வயது. செலஸ்தீனாவைக் கட்டிப் பன்னிரண்டு வருசம், பிள்ளை இல்லை. திருவிழா திருவிழாவாக ஊர் சுற்றுகிற பிழைப்பு எனக்கு, விடிவதற்குள் உப்பளத்துக்குப் போகிற பிழைப்பு அவளுக்கு, வீட்டில் நாற்பது வாட் பல்பில் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், அடுப்புப் பக்கம் திரும்பின முதுகு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் சும்மா இருப்போம். அதிலும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவே பாதை. பழைய இருட்டுக் கோயிலில் இத்தனை முக்காட்டுக்குள் எது அவள் முக்காடு என்றே தெரியாது. விளக்குப் போடுகிற வேலை என் கைக்கு வந்தது. உம்ம முறை வந்தபோது, பதினாலாம் நம்பர், சாரத்தில் நான் ஒருத்தன்தான், ஸ்பேனர் கையில், நட்டைத் தளர்த்தி மூன்று அடி கீழே இறக்கி முறுக்கிவிட்டேன். அவ்வளவுதான் திருட்டு. பங்குச் சாமியார் கேட்டார், என்னப்பா கஸ்பார், புனிதர் இருட்டில் நிற்கிறாரே என்று. சாமி, நேரே அடித்தால் சூட்டில் வர்ணம் உருகிவிடும், மூக்கு ஒழுகின சுரூபத்தை யார் கும்பிடுவார்கள் என்றேன். நல்லவேளை என்றார். அதற்கப்புறம் வந்த நாலு சாமியாருக்கும் அதே பதில். இருபத்தேழு வருசம், ஞாயிறு தவறாமல், பண்டிகை தவறாமல், இந்தத் தூணுக்கு அடியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். பூசை பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். நெற்றி மறையச் சேலையை இழுத்துவிட்டிருப்பாள், முக்காட்டு விளிம்புக்குக் கீழே மூக்கு நுனி, வாய், அந்த வாயோரம் மச்சம், நாடி, எல்லாம் பொன் பூசின மாதிரி. என்ன பக்தி பார், தலை நிமிர மாட்டேன் என்கிறாளே என்று எனக்கே பெருமை. இப்போதும் கண்ணை மூடினால் அது வருகிறது, மூக்கு நுனி, வாய், மச்சம், நாடி. கண் வரவில்லை. நாலு வருசமாக இதுதான் தொந்தரவு. அவள் போனதற்குப் பிறகு ஒருநாள் காப்பி ஆற்றும்போது அவள் கண் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், வரவில்லை. சரி, நாளைக்கு வரும் என்று விட்டேன். கல்யாணப் படத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, சரியாக அந்த இடத்தில். மூக்கு நுனி, வாய், மச்சம், நாடி. மறுபடியும் அங்கே வந்து நிற்கிறது.

"வே கஸ்பாரு, இன்னும் கெளம்பலையா நீரு?" எஸ்தாக்கி பக்கத்தில் வந்து நிற்கிறான், கையில் விளக்குமாறு. "உம்ம பழைய வெளக்கையெல்லாம் ஆக்கர்காரனுக்கு எடைக்குப் போடச் சொல்லியாச்சு, ஒண்ணு வேணும்னா தூக்கிட்டுப் போவும், பெறவு மின்னல் வந்தா அடைச்சு வைக்க ஆவும்." சிரிக்கிறான். நானும் வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஒம்ம மண்டையில கொஞ்சம் மின்னல் ஊத்துனா நாலு எழுத்து ஏறும்வே." திருப்தியாகப் போகிறான். சொல்லிவிட்டால் அடுத்தது சொல்லத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. வீட்டிலும் அப்படித்தான். புளுகு என்பது ஒருத்தன் தனியாகச் செய்கிற காரியமில்லை. அவள் சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டே "ம், பெறவு?" என்பாள். அந்தப் பெறவுக்குப் பதில் சொல்லத்தான் மின்னலும் வவ்வாலும் வந்தன. நம்புகிறாள் என்பதில்லை, அவளுக்குப் பொய் ஆகாது, கடைக்காரன் எடையில் ஊசியளவு தள்ளினாலும் திரும்ப நடந்துபோய்க் கேட்பாள். ஆனாலும் பெறவு என்பாள். இப்போது வீட்டில் இரண்டாம் வரியிலேயே கதை நின்றுபோகிறது, கடிகாரம் பெறவு கேட்கிறதா என்ன. "பன்னெண்டு போதுங்கண்ணா." ஐயோ, பன்னிரண்டா? ஒன்பதும் பத்தும் எப்போது போயின. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்லட்டுமா. என்னத்தைச் சொல்ல? சூட்டில் வர்ணம் உருகும் என்பது இனிச் செல்லாது, இந்த விளக்கைக் கையால் தொடலாம். அந்தோணியாரே திருப்பிக்கொள்வார் என்றால் அது சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும். உள்ளதைச் சொன்னால்? அம்மா, அது என் பொண்டாட்டி இடம், அவள் செத்து நாலு வருசம், இன்றைக்கு வரை ஒருத்தி அங்கே உட்கார்ந்ததில்லை, அவ்வளவு மரியாதை அவள் மேலே இந்த ஊருக்கு, கூட்டமான பெரிய நாளில்கூட அந்த ஒரு முழம் காலியாகக் கிடக்கும், நின்றுகொண்டு பூசை பார்ப்பார்களே தவிர உட்கார மாட்டார்கள், நான் சாயங்காலம் வந்து அந்தக் காலி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கிறேன், அது இல்லையென்றால் கதவைத் திறக்க என்ன இருக்கிறது. இதைச் சொன்னால் எஸ்தாக்கி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கைதட்டுவான், கஸ்பார் இன்றைக்குப் புதுசாக ஒன்று எடுத்துவிட்டான் என்று. எழுபத்தாறு வருசம் புளுகினவன் ஒருநாள் உண்மை சொன்னால் அது எழுபத்தாறையும்விடப் பெரிய புளுகாகத்தான் விழும். "பதிமூணு போதுங்க. அடுத்தது பதினாலு. ஏனுங்ணா, இது எங்கீங்க அடிக்குது? பேப்பர்ல அந்தோணியார்னு போட்டிருக்குது, பெஞ்சு மேலயில்ல விழுகுது."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்க்கிறது, எஸ்தாக்கி மணிக்கூண்டுப் பக்கம் போய்விட்டான், மேலே இருக்கிறவர் இறங்க முடியாது, என்னைப் பார்க்கிறது. "ஐயா, நீங்கதானுங்க பழைய லைட்டெல்லாம் போட்டவரு? ஒரு உதவிங்க. அந்த மூணாம் பெஞ்சு மூலையில போயி கொஞ்சம் உட்காருங்களேன், நான் இங்கிருந்து பார்க்கோணும்." அங்கேயா? பொம்பளையாட்கள் பக்கமா? இந்த ஊரில் பிறந்து எழுபத்தாறு வருசத்தில் அந்தப் பெஞ்சில் என் வேட்டி பட்டதில்லை. கோயில் காலியாக இருந்தாலும் படாது. பொம்பளையாட்கள் பக்கத்தை நான் எங்கேயும் உட்கார்ந்து பார்த்ததில்லை அந்தோணியாரே, அதற்கெல்லாம் அவளைத்தான் அனுப்புவேன். போய் உட்கார்ந்து சொல்லு என்பேன். அவளும் சொல்லுவாள், ஈவு இரக்கமில்லாமல் சொல்லுவாள், ரெண்டாவது கண்ணுல அடிக்கி, ஏழாவது பூசைப் பொஸ்தகத்துல நெழலு விழுது, நீரெல்லாம் ஒரு லைட்டுக்காரரா என்று. இந்தக் கோயிலிலும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உப்பளத்திலிருந்து நேரே வந்து ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பதினொரு விளக்கில் குற்றம் சொன்னாள். பதினாலுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன், கண்ணுல அடிக்கா என்று. ஒண்ணும் அடிக்கல என்றாள். நடக்கிறேன். பாதையைத் தாண்டும்போது கால் கூசுகிறது. முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு. மூன்றாம் பெஞ்சுக்குள் நுழைந்து சுவரோரம் போய், உம்ம காலுக்குக் கீழே, மெதுவாக உட்கார்ந்து, பீடத்தைப் பார்க்க முகத்தைத் தூக்கினேன்.

வெள்ளை. ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. கண்ணில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்ட மாதிரி. இமை தானாக மூடிக்கொண்டது, உள்ளே சிவப்பு, அதற்குள் பச்சையாக ஒரு வட்டம் மிதக்கிறது. மறுபடி திறந்தேன், பீடம் இல்லை, சாமியார் நிற்கிற இடம் இல்லை, எதிரே ஆம்பளையாட்கள் பக்கம் இல்லை, என் தூண் இல்லை, தூணுக்கு அடியில் நான் இல்லை. புது விளக்கு, அதனால்தான், இந்த எல்.இ.டி. சனியன் இப்படித்தான் குத்தும். "பழசவிட இது சாஸ்தியாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க, பழசுல பாதிக்குத்தான் வெச்சிருக்கேன்." பாதி. கை தானாக எழுந்து நெற்றிக்கு மேலே மறைப்பாக நின்றது, நான் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது, சேலை இருந்திருந்தால் இழுத்துவிட்டிருக்கும், நெற்றி மறைய, புருவம் மறைய, மூக்கு நுனியும் வாயும் நாடியும் மட்டும் வெளியே தெரிய. அந்தோணியாரே. அந்தோணியாரே. பக்தி என்று நினைத்தேன். ஆறு நாள் உப்பு வெளிச்சத்தில் கூசின கண்ணை ஏழாம் நாள் நிழலில் வைக்கலாம் என்று வந்தவள். உட்காராமல் போகிறவர்கள் எல்லாம் மரியாதையால் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் நகர்ந்திருக்கலாமே, ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், நிழல், நான் இப்போது நகர்ந்து பார்க்கிறேன், நிழல்தான், சுகமான நிழல். இருபத்தேழு வருசம் ஒரு முழம் நகரவில்லை. தெரிந்திருக்கிறது. எவன் திருப்பினான், எதற்குத் திருப்பினான் என்று அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. ஒண்ணும் அடிக்கல என்று சொன்னபோது கண்ணில் தண்ணீர் வடிந்தது, ஏன்டி என்றேன், சாம்பிராணிப் புகை என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏது பூசை, ஏது சாம்பிராணி? சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தாள். கண். அதோ கண். சிறிய கண், உள்ளே இறங்கின கண், வெயிலில் வெளுத்த பழுப்பு, இமையோரம் சிவந்து, தண்ணீர் கோர்த்து, பொய் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டு, நான் பிடித்துவிடுவேனோ என்று பயந்து பார்க்கிற கண். நான் பிடிக்கவில்லை. ஊரே புளுகன் என்று சொல்லுகிறவன், வீட்டுக்காரி சொன்ன ஒரே ஒரு பொய்யைப் பிடிக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவே முடியாது, என் தலைக்கு மேலே அல்லவா அந்த வெள்ளை எரிந்தது.

"கூசுதுங்களா ஐயா?" என்றது அந்தப் பெண். ஒண்ணும் கூசல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனால் அந்த இடம் இப்படியே காலியாக, அவளுடையதாகவே இருக்கும், நான் தினம் வந்து பார்க்கலாம். "கூசுதும்மா" என்றேன். "முப்பத்தோரு வருசமா கூசுது." அது சிரித்தது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. "சரிங்க, அப்படியே மேல தூக்கி அந்தோணியாருக்குக் குடுத்தறலாங்க." "அவருக்கு வேற ஒண்ணு போடும்மா, கையில மிச்சம் இருக்கும்ல. இத ரெண்டு விரக்கடை கீழ எறக்கு. மடியில விழட்டும். பொஸ்தகம் வச்சு வாசிக்க ஆவும்." அது யோசித்தது, டேப்லெட்டைப் பார்த்தது, மேலே சொன்னது. நட்டு கிறீச்சிட்டது. வெள்ளை என் கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கியது, நாடிக்கு, நெஞ்சுக்கு, மடிக்கு. என் இரண்டு கையும் வெளிச்சத்தில் கிடந்தன, நகம் கறுத்த கை. நிமிர்ந்தேன். பீடம் தெரிந்தது. எதிரே தூண் தெரிந்தது, அதற்கு அடியில் என் துண்டு காலிப் பெஞ்சில் கிடந்தது, அங்கே ஒருத்தன் இருந்தால் நன்றாகத் தெரிவான், மூக்கு முழி எல்லாம். "வே! அது பொம்பளையாளுக பெஞ்சுல்லா! எந்திரியும்வே, சாமியார் பாத்தா என் சீட்டு கிழிஞ்சிரும்!" எஸ்தாக்கி ஓடி வருகிறான்.

இப்போது ஐந்தரை. ஊதாத் துணியை அவிழ்த்தாயிற்று, மணி அடித்தாயிற்று, என் தூணுக்கு அடியில் வந்துவிட்டேன். உமக்குத் தனி விளக்கு எரிகிறது, முப்பத்தோரு வருசத்தில் முதல் தடவையாக உம்ம முகத்தைப் பார்க்கிறேன், மூக்கு உடைந்திருக்கிறது அந்தோணியாரே, அது என்னால் இல்லை. பொம்பளையாட்கள் பக்கம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. பிந்தி வந்த ஒருத்தி, எவள் என்று தெரியவில்லை, உப்பளத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள், சேலை ஓரமெல்லாம் வெள்ளை படிந்திருக்கிறது, மூன்றாம் பெஞ்சை எட்டிப் பார்த்தாள், தயங்கினாள், குனிந்து அந்த மூலையில் உட்காரப் போகிறாள், வேண்டாம் வேண்டாம் என்று எனக்குள் ஒருத்தன் எழுந்து நிற்கிறான், அவள் உட்கார்ந்துவிட்டாள். கையை மடியில் வைத்தாள், கை பொன்னாக மின்னியது. முக்காட்டைச் சரிசெய்தாள், நெற்றிக்கு மேலேயே நிறுத்திவிட்டாள், முகத்தைத் தூக்கிப் பீடத்தைப் பார்த்தாள், இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து. அப்புறம் யார் இந்தக் கிழவன் முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி அது யாருடைய இடமும் இல்லை. அந்தோணியாரே, நீர் செலஸ்தீனாவை அங்கே மோட்சத்தில் அடிக்கடி பார்ப்பீர். சாம்பிராணி இல்லை என்பது கிழவனுக்குத் தெரிந்துபோயிற்று என்று மெதுவாகக் காதில் போட்டுவையும். ம், பெறவு என்று கேட்பாள். விளக்கை இறக்கியாயிற்று என்று சொல்லும். இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், எஸ்தாக்கி சொன்னான், மேலே வந்த வவ்வால் ஒன்று சொன்னது, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளும், என் பேரை எடுத்துவிடாதேயும்.